விமானத்துக்கே பாராசூட் கட்டி இறக்கினார்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஆக்ராவில் விமானப்படையின் பாராசூட் மடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். சரக்கு விமானத்திலிருந்து சிறு விமானத்தைப் பாராசூட்டில் இறக்கிப் பார்த்த ராணுவச் சோதனைகளைப் பற்றிப் போன வாரம் பேசினேன். கேட்டவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

சூரமங்கலம் மாணவர்: பறக்கிற விமானத்தை ஏன் சார் தூக்கிக்கொண்டு போய்ப் போட வேண்டும்?

தூரம்தான் காரணம், தம்பி. பைப்பர் எல்-4 போன்ற வேவு விமானம் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போகும், மொத்தம் 350 கி.மீ.தான் பறக்கும். சேலத்திலிருந்து சென்னை போய்விடலாம், அதே பெட்ரோலில் திரும்ப முடியாது. எதிரி நிலத்துக்குள் குதித்த வீரர்களுக்கோ தங்கள் பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஓமலூர் வாசகர்: இறக்கை எப்படி உள்ளே போகும்?

போகாது. ஐஎல்-76 என்ற பெரிய சரக்கு விமானத்தின் சரக்கு அறையே 3.45 மீட்டர் அகலம்தான். செஸ்னா பேர்ட் டாக் என்ற சிறு வேவு விமானத்தின் இறக்கை 11 மீட்டர். கழற்றித்தான் ஏற்ற வேண்டும், தரையில் திரும்பப் பூட்ட வேண்டும்.

மேட்டூர் வாசகர்: பெரிய பாராசூட்டாகப் போட்டால் பூ மாதிரி இறங்காதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இறங்கு வேகத்தைப் பாதியாக்க நாலு மடங்கு துணி வேண்டும். மெதுவாக இறங்கினால் காற்றும் இழுத்துக்கொண்டு போகும். 300 மீட்டர் உயரத்தில் போட்ட சரக்கு விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 40 விநாடி ஆகும். விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் அது 200 மீட்டர் தள்ளி விழும். வேகம் பாதியானால் 400 மீட்டர்.

அதனால் வேகமாகத்தான் இறக்குவார்கள். ஒன்பது அடி மதில்மேலிருந்து தள்ளிவிட்டால் தரையைத் தொடும்போது வருகிற வேகம்தான் அந்த 7.5 மீட்டர். சிறு விமானத்தின் சக்கரக் கால்கள் தாங்குவதோ விநாடிக்கு 3 மீட்டர் அளவுதான். வேகம் இரண்டரை மடங்கு என்றால் மோதலின் தாக்கம் ஆறு மடங்குக்கு மேல். ஆகவே பலகைமேல் விமானத்தைக் கட்டி, அடியில் தேன்கூடு போல அறை அறையாக ஒட்டிய காகித அட்டையை அடுக்குவார்கள். அது 30 செ.மீ. நசுங்கிக் கொடுத்தால் தாக்கம் சுமார் 10 ஜி-யோடு, அதாவது எடையைப் போல் பத்து மடங்கு விசையோடு நிற்கும். ஒரு பக்கம் அட்டை குறைந்ததால், பாராசூட் அழகாக விரிந்தும் பெட்டி நொறுங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜீப் நெளிந்தாலும் ஓடும். விமானத்தில் எஞ்சின் தாங்கி துளி கோணினாலும், இறக்கை பூட்டும் இடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும், அதில் ஏறும் பையனின் உயிர் போகும். என்னைக் கேட்டால், அந்தச் சோதனைகளின் உண்மையான பரீட்சை இதுதான்.

அம்மாப்பேட்டை நெசவாளர்: அது என்ன துணி?

முன்பு பட்டு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பட்டு நின்றதும் நைலான். உங்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று, அண்ணா: நெய்யும்போதே பாவிலும் ஊடையிலும் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த இழை விடுவார்கள். கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும்.

ஏற்காடு காப்பித் தோட்டக்காரர்: எங்கள் மலையில் போடலாமா?

வேண்டாம் ஐயா. 1,500 மீட்டரில் காற்று இளைத்திருப்பதால் சேலத்தைவிட ஐந்தாறு சதவீதம் வேகமாக விழும். அதைக்கூடச் சமாளிக்கலாம். சில்வர் ஓக் மரமும் சரிவும் விடாது.

குகை வாசகி: மடித்து எடுத்துப் போகிற விமானமே கிடையாதா?

இருந்ததம்மா. குட்இயர் நிறுவனம் 1956-ல் ரப்பர் பூசிய துணியில் காற்றடைத்துப் பறக்கும் விமானம் செய்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிக்குப் பெட்டியில் போட்டால், அவரே ஐந்து நிமிடத்தில் ஊதிப் பறந்து வரலாம் என்பது எண்ணம். 12 செய்தார்கள், 1973-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். வேவுக்கும் மீட்புக்கும் ஹெலிகாப்டர் வந்த பிறகு பாராசூட்டில் இறக்கும் விமானம், இந்த ஊதும் விமானம் இரண்டுக்குமே தேவை குறைந்துவிட்டது.

அதே சூரமங்கலம் மாணவர்: அப்போ இந்த வேலையே முடிந்துவிட்டதா சார்?

இல்லவே இல்லை. ஆக்ராவில் நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம் உருவாக்கிய பி-7 முறையில், ஐஎல்-76-லிருந்து ஏழு டன் வகைச் சரக்கை ஐந்து பெரிய பாராசூட்டில் இறக்குகிறார்கள். 2022 நவம்பர் 18 அன்று ஜான்சி பக்கம் பாபினாவில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் கலத்துக்குச் சமமான ஐந்து டன் எடையை இரண்டரை கி.மீ. உயரத்திலிருந்து போட்டுப் பார்த்ததும் அதே ஐஎல்-76-லிருந்துதான்.