பாதி வகுப்பு, பாதி வீடு: டெக்சஸ் கிளாசிக்கல் கிறிஸ்தவப் பள்ளிகள் பற்றிய கேள்வி பதில்

(டாலஸ் வட்டாரப் பெற்றோர் கேட்டவை.)

கேள்வி: சின்ன வகுப்புக்கு வாரம் இரண்டு நாள்தான் பள்ளி என்கிறார்கள். மற்ற மூன்று நாளும் பிள்ளை சும்மா இருக்குமா?

சும்மா இருக்கும் என்று நம்பிச் சேர்ப்பவர்கள் அக்டோபருக்குள் திணறிப்போவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு யுனிவர்சிட்டி மாடல் என்று பெயர். 1993-இல் ஆர்லிங்டனில் கிரேஸ் பிரிபரேட்டரி அகாடமி இதைத் தொடங்கியது. கல்லூரியில் தினமும் எல்லா வகுப்பும் இருக்காது, அதே கணக்குதான். தொடக்க வகுப்புகளுக்குப் பொதுவாக இரண்டு நாள், மேல் வகுப்புகளுக்கு மூன்று நாள் வரை. வீட்டு நாளில் என்ன செய்வது என்பதை ஆசிரியர் வரி வரியாக எழுதி அனுப்புவார். பாடத்திட்டம் போடும் வேலை உங்களுக்கு இல்லை, அதைச் செய்து முடிக்க வைக்கும் வேலை உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு இரண்டரை மணி நேரம், ஐந்தாம் வகுப்புக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மதியத்துக்குள் முடியும். மதியம் தொடங்கினால் இரவு வரை இழுக்கும்.

கேள்வி: 'கிளாசிக்கல்' என்றால் பழைய புத்தகம் படிப்பது மட்டுமா?

இல்லை. கிராமர் (இலக்கணம்), லாஜிக் (தர்க்கம்), ரெட்டரிக் (சொற்கலை) என்ற மூன்று கட்டம். ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் இவற்றைப் பிள்ளையின் வயதோடு பொருத்திக் காட்டினார். இன்றைய பள்ளிகள் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஐந்தாம் ஆறாம் வகுப்பு வரை மனப்பாடம்: வரலாற்று வரிசை, வேத வசனம், லத்தீன் விகுதிகள், எல்லாம் பாட்டாகவே. ஏழு, எட்டில் முறையான தர்க்கம். அதன்பின் கட்டுரையும் மேடைப் பேச்சும். சிறு வயதில் உருப்போடுவதைக் கேலி செய்கிறவர்கள், நாம் வாய்ப்பாடும் ஆத்திசூடியும் எப்படிக் கற்றோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு லத்தீனில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. மகள் நான்காம் வகுப்பு. எப்படி உதவுவது?

தமிழ் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலப் பிள்ளைகள் தடுக்கி விழுவது வேற்றுமையில்தான், நமக்கோ அது வாயிலேயே இருக்கிறது. 'புயெல்லா' என்றால் சிறுமி. ஒருமையில் முதல் பட்டியல் இப்படிப் போகும்: புயெல்லா (சிறுமி), புயெல்லே (சிறுமியின்), புயெல்லே (சிறுமிக்கு), புயெல்லம் (சிறுமியை), கடைசியில் நெடிலாக நீளும் புயெல்லா (சிறுமியால்). இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வடிவம் என்பதைக் கவனியுங்கள். எது என்பதை வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். 'ஐ, கு, ஆல்' எது வரும் என்று அவளையே கேளுங்கள். தினம் பத்து நிமிடம் உரக்கச் சொன்னால் போதும். ஞாயிறு இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் புதன்கிழமைக்குள் மறந்துவிடும். உச்சரிப்பு திருச்சபை முறையா, பழைய ரோம முறையா என்பதை முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே இருப்பது திருச்சபை முறை.

கேள்வி: வீட்டில் எல்லாம் சரியாகச் செய்கிறான், பள்ளித் தேர்வில் சறுக்குகிறான். ஏன்?

பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ அதிகம் உதவுவதால். கட்டுரையை நீங்கள் திருத்தி அனுப்பினால் அவனுக்கு என்ன வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாது. உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தில் பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள், சரியான சொல்லை எழுதிக் கொடுக்காதீர்கள்.

கணக்கில் வேறு கதை. பல பள்ளிகளில் சாக்ஸன் கணக்குப் புத்தகம். நடு வகுப்புகளில் ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ முப்பது கணக்கு, பெரும்பாலானவை பழைய பாடங்களிலிருந்து கலந்து வரும். 'ஒற்றைப்படை எண் மட்டும் போடு' என்று விட்டால் சில வகைக் கணக்குகள் வாரக்கணக்கில் கண்ணிலேயே படாது. கணக்கின் பக்கத்தில் உள்ள சிறிய எண், அது எந்தப் பாடத்தில் வந்தது என்று காட்டும். தப்பு வந்தால் அந்தப் பாடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நம்மூர் வகுத்தல் முறையை இடையில் நுழைக்க வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும்.

கேள்வி: நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். சரிப்படுமா?

ஒருவராவது வீட்டு நாள் காலையில் இல்லாவிட்டால் சரிப்படாது. வீட்டிலிருந்து வேலை என்றாலும், ஒன்பது மணி மீட்டிங்குகளுக்கு இடையே இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தர முடியாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நிலைமை வேறு. அப்போது மேற்பார்வை போதும்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். சேர்ப்பார்களா?

பள்ளியைப் பொறுத்தது. சில பள்ளிகள் பெற்றோரில் ஒருவராவது விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும், போதகரின் கடிதமும் வேண்டும் என்கின்றன. சில எந்தக் குடும்பத்தையும் சேர்க்கும், கற்பிப்பது மட்டும் தங்கள் வழியில். பெரும்பாலானவை புராட்டஸ்டன்ட் பள்ளிகள் என்பதால், சீர்திருத்த இயக்க வரலாற்றை எந்தப் புத்தகத்தில் நடத்துகிறார்கள் என்று நேர்முகத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது? பிறகு கல்லூரி?

டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1994-இல் லீப்பர் வழக்கில், வீட்டுக்கல்வியும் தனியார் பள்ளிக்குச் சமம் என்றது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஐந்தும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் இருக்கும் பிள்ளையை எடுப்பதானால் விலகல் கடிதம் கொடுத்துவிட்டே நிறுத்துங்கள். இல்லையென்றால் வராத நாள் கணக்கில் ஏறும்.

உயர்நிலைப் பள்ளி நடுவில் அரசுப் பள்ளிக்குத் திரும்புவதுதான் சிக்கல். பள்ளிக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் அரசுப் பள்ளி மாவட்டம் தேர்வு வைத்தே கிரெடிட் (பாடம் முடித்த கணக்கு) தரக்கூடும். அங்கீகாரம் யாரிடம் பெற்றது, டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) யார் தருவார்கள் என்பதைச் சேரும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு பெரும்பாலான இடங்களில் செல்லும். அதற்கு மாற்றாக 2015-இல் வந்த சி.எல்.டி. (கிளாசிக் லேர்னிங் டெஸ்ட்) தேர்வு 120 மதிப்பெண்ணுக்கு, கால்குலேட்டர் கிடையாது. புளோரிடா அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023 முதல் ஏற்கின்றன. விண்ணப்பிக்கும் கல்லூரி ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

கேள்வி: கட்டணம்?

ஐந்து நாள் தனியார் பள்ளியைவிடப் பொதுவாகக் குறைவு. ஆனால் புத்தகம், பதிவுக் கட்டணம், சீருடை எல்லாம் தனி. நடுவில் விலகினாலும் முழு ஆண்டுக் கட்டணம் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு, கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.