வண்டி ஒர்க்‌ஷாப்பில், டிரிப் ஷீட் சித்தேரி மலையில்

கேள்வி: அரூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாவட்ட நலவாழ்வு சங்கம் மூலம் ஒப்பந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக இருக்கிறேன். வாடகை வண்டி முகாமுக்காகச் சித்தேரி மலை ஏறி இறங்கியதாக டிரிப் ஷீட் சொல்கிறது. அன்றைக்கு அந்த வண்டி ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸ் கழற்றிக் கிடந்ததை நானே பார்த்தேன். இப்படி நான்கு நாட்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். பத்தாம் நாள் என் மனு மேலதிகாரி மேஜையில்! 'அலுவலக விஷயத்தை வெளியே சொன்னதாக' மெமோ வந்தது. நேற்று, 'இனி வர வேண்டாம்' என்று போனில் சொல்லிவிட்டார்கள். புகார் கொடுத்தவர்களைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறதாமே?
— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: இருக்கிறது, புத்தகத்தில். ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரும் கையெழுத்திட்டுவிட்டார். ஆனால் அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவேயில்லை. பழிவாங்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது நிர்வாகம்தான் என அதில் ஒரு பிரிவு உண்டு. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

நெடுஞ்சாலைப் பணி முறைகேட்டை எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மத்திய அரசு 2004-ல் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார்தாரர் பெயரை ரகசியமாக வைக்கும். ஆனால் அது மத்திய அரசு ஊழியர்கள், நிறுவனங்கள் மீதான புகார்களுக்கு மட்டும். உங்கள் மேலதிகாரி மாநில அரசு ஊழியர்.

சரி, கையில் இருப்பதை வைத்துப் பேசுவோம். போனில் சொன்னது உத்தரவு ஆகாது. நாளைக் காலை வழக்கம்போல வேலைக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டைத் தரமாட்டேன் என்றால் சண்டை போடாமல் வெளியே வந்து, 'இன்ன தேதி இத்தனை மணிக்கு வந்தேன், கையெழுத்துப் போட விடவில்லை' என்று நாலு வரி எழுதி மாவட்ட சுகாதார அலுவலருக்கு அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். இதைச் செய்யாவிட்டால், 'அவரே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்' என்று ஃபைலில் ஏறிவிடும். நான் பார்த்த கேஸ்களில் பாதி இப்படித்தான் கெட்டது. மெமோவுக்கும் கெடு தாண்டாமல் பதில் கொடுங்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் நீட்டித்தே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. ஆனால் குற்றம் சாட்டி மெமோ கொடுத்துவிட்டு, விசாரணையே இல்லாமல் வெளியே அனுப்பினால் கதை வேறு. ஒப்பந்த ஊழியராக இருந்தாலும் அது தண்டனைதான். அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசுத் தரப்பின் நடவடிக்கையை ரத்து செய்யக் கேட்கும் மனு, போடலாம். மனு கொடுத்த தேதி, மெமோ தேதி, போன் வந்த தேதி மூன்றும் அடுத்தடுத்து நிற்பதே உங்களுக்குப் பெரிய சாட்சி.

டிரிப் ஷீட் புகாரை இனி ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையில் கொடுங்கள்; தருமபுரியிலேயே அவர்கள் பிரிவு இருக்கிறது. அசல் பதிவேட்டை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள், உங்கள் மேலேயே திருட்டுப் புகார் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்த நான்கு நாள் லாக் புக், வாடகை பில் நகல்களைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப், பத்திரிகை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். காக்ராபார் அணுமின் நிலைய ஊழியர் ஒருவர் 1994 வெள்ளத்தின்போது நிலையத்துக்குள் நடந்ததைப் பத்திரிகைக்கு எழுதி வேலை இழந்தார். 2013-ல் உச்ச நீதிமன்றமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

அப்புறம் ஒரு சங்கடமான கேள்வி. அந்த டிரிப்புகளைக் கணினியில் ஏற்றியது யார்? உங்கள் லாகின் என்றால், யார் சொல்லி ஏற்றினீர்கள் என்பதை மறைக்காமல் முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு ரசீதையும் மெமோவையும் காட்டிக் கேளுங்கள்.