முதல் தொலைநோக்கி: திருகோணமலையிலிருந்து கேட்டவர்களுக்கு

உப்புவெளியில் ஓர் அம்மா: மகன் தரம் 8 படிக்கிறான். பெட்டியில் '525 மடங்கு' என்று போட்ட 70 மில்லிமீற்றர் தொலைநோக்கியை அவனுக்கு வாங்கலாமா?

வேண்டாம் அக்கா. முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். பயன்தரும் உருப்பெருக்கத்தின் எல்லை ஏறக்குறைய அவ்வளவுதான். 70க்கு 140. அதற்கு மேல் போனால் வியாழன் கஞ்சித்தண்ணீரில் விழுந்த பொட்டுப் போலக் கலங்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை அந்த மெல்லிய முக்காலி. திருகில் விரல் பட்டதுமே சனிக்கோள் பார்வையை விட்டு ஓடிவிடும். ஆசையோடு வந்த பிள்ளை மூன்றாம் இரவே அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது. கொஞ்சம் காசு சேர்த்து, பலகைப் பீடத்தில் சுழலும் 150 மில்லிமீற்றர் டொப்சோனியன் வாங்குங்கள்; அது முன்வில்லைக்குப் பதில் குழியாடி வைத்த தொலைநோக்கி. 70ஐ விட நாலரை மடங்கு ஒளியை அள்ளும், அசையாமல் நிற்கும்.

கிண்ணியாவில் உயர்தர மாணவர்: அவ்வளவு காசு இல்லை. காத்திருக்கவா?

காத்திருக்க வேண்டாம் தம்பி. 10×50 பைனாகுலர் போதும்: பத்து மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீற்றர் முன்வில்லை. சாய்கதிரையில் படுத்து முழங்கைகளை ஊன்றிக்கொண்டால், கலிலியோ 1610இல் கண்ட வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறேழு விண்மீன்கள். இதில் பல பத்து.

நிலாவெளியில் ஒருவர்: வீடு கடற்கரையில். உப்புக்காற்று கெடுக்காதா?

கெடுக்கும். பார்த்து முடிந்ததும் ஈரத்தோடு மூடிவிடாதீர்கள். உள்ளே எடுத்து வந்து பனி உலர்ந்த பிறகு மூடி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். சாரத்தின் நுனியால் ஆடியைத் துடைக்கவே கூடாது: ஒட்டியிருக்கும் உப்புப் பரல் அலுமினியப் பூச்சைக் கீறிவிடும்.

அவரே: இங்கிருந்து எதைப் பார்ப்பது?

நாம் வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறோம். துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் தென்வானம் நமக்குத் திறந்திருக்கிறது. மே நடுப்பகுதியில் நிலவில்லாத இரவு பத்து மணிக்குத் தெற்கே 34 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்னும் உருண்டையான விண்மீன் கொத்தைத் தேடுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. பைனாகுலரில் பஞ்சுத் துணுக்கு. 150 மில்லிமீற்றரில் அதன் ஓரம் அரிசிக் குறுணையாகச் சிதறும். நான் முதலில் பார்த்தபோது கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

மூதூரில் ஓர் ஆசிரியை: சூரியனைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

தொலைநோக்கியின் முன்வாய் முழுவதையும் மூடும் சூரிய வடிகட்டி இருந்தால் மட்டும். கண்வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி வந்திருந்தால் இன்றே எறிந்துவிடுங்கள் டீச்சர். வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும்.

இன்னொருவர்: சந்திரன் தலைகீழாகத் தெரிகிறது. பழுதா?

இல்லை, அதன் அமைப்பே அப்படி. பௌர்ணமியை விட்டு வளர்பிறை எட்டாம் நாள் பாருங்கள்; ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும்.