காவிப்பல்லும் நூற்றெட்டுப் போற்றியும்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் எங்கள் கிராமம். 2000-ல் பிறந்தேன். மேல்வரிசை முன்பல் நான்கும் காவிப்பல். ஆடி வெள்ளித் திருவிளக்குப் பூஜையில் போற்றி சொல்லும்போதுகூட முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறேன். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், பல்கூச்சம்தான் மிச்சம். "போன ஜென்மத்துப் பாவம், அம்மன் கொடுத்ததை ஏத்துக்கோ, டாக்டர்கிட்டப் போறது சாமியை நம்பாத வேலை" என்கிறார் பெரியம்மா. ஏற்றுக்கொள்வதென்றால் அப்படியே விட்டுவிடுவதா? வீட்டில் அக்காவின் இரண்டு வயது மகள் இருக்கிறாள். ஒகேனக்கல் தண்ணி வராத நாளில் போர் தண்ணியைக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம்.

ம. (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ம.,

பாவம் என்ற சொல்லை முதலில் வாசலுக்கு வெளியே வைத்துவிடுவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் அடிப்பாறையில் ஃப்ளூரைடு இருக்கிறது. போர் தண்ணி அந்தப் பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்து அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதை மீறிய நீரைக் குழந்தை தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுபோகும். முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். பிறகு துளைகளில் நிறம் ஏறிக் காவியாகும். பால்பல் விழுந்து முளைக்கும் நிரந்தர முன்பல்லுக்கு ஆபத்து மிகுந்த காலம் ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டரை வயது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-ல். அப்போது உங்களுக்கு 13 வயது, பல்லின் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நீங்கள் சரியாகப் பல் துலக்காததால் வந்ததல்ல இது. யாருக்கும் ஒட்டாது.

பெரியம்மா சொல்லும் ஏற்பில் ஒரு குற்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. அன்பில்தான் சொல்கிறார், ஆனாலும் அதற்கு நீங்கள் தலையாட்ட வேண்டாம். சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, ஒருவர் மட்டும் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பாரே, காரைக்கால் அம்மையார், அவரை நினைத்துக்கொள்ளுங்கள். பேயுருவைக் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். இறைவன் என்னை அறிந்தால் போதும், அறியாதவர் கண்ணுக்கு எந்த உருவில் இருந்தால் என்ன என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். அந்த உருவத்தைப் பார்த்துத்தான் ஈசன் 'அம்மையே' என்றழைத்தான் என்கிறது புராணம்.

மனசு ஆறிய பிறகு கையை எடுக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. கை முதலில் இறங்கட்டும். 'போற்றி' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'போ'வில் உதடு குவியும், 'றி'யில் விரிந்து மேல்பல் தெரியும். மறைத்துப் பழகியவர்கள் அந்தக் கடைசி இகரத்தை விழுங்கிவிடுவார்கள், குரலும் அங்கேயே அமுங்கும். முதல் இரண்டு வாரம் வீட்டில் விளக்கின் முன் தனியாக, இரண்டு கையிலும் பூவை வைத்துக்கொண்டு, 108 போற்றியும் இகரம் முழுசாக ஒலிக்கச் சொல்லுங்கள். கை நிறையப் பூ இருந்தால் முந்தானையைத் தேடாது. அடுத்து அக்காவை எதிரில் உட்கார வையுங்கள். கோயில் அதற்குப் பிறகு. நடுவில் கை ஏறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், இறக்கிவிட்டு அடுத்த போற்றிக்குப் போங்கள். பல் வெளுத்தால் இன்னது செய்கிறேன் என்று மட்டும் அம்மனிடம் வேண்டிக்கொள்ளாதீர்கள். பிறகு சன்னதியில் நிற்கும்போதெல்லாம் பல்லைத்தான் நினைப்பீர்கள்.

மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவே இல்லை. எலுமிச்சையை இன்றே நிறுத்துங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கணக்கு பல்லுக்கு ஆகாது: அமிலம் எனாமலைக் கரைக்கும், உப்பு அராவும், கூச்சம் அதனால்தான். செங்கல் பொடி, உமிக்கரியும் அப்படியே. சாதாரண பல் கிளீனிங்கில் இந்தக் கறை போகாது, அது எனாமலுக்குள் இருக்கிறது. லேசான காவி என்றால் மைக்ரோஅப்ரேஷன்: ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தேய்ப்புப் பொடியும் கலந்த பசையால், ஈறுக்குப் பாதுகாப்பு வைத்து, மிக மெல்லிய மேலடுக்கை மட்டும் மருத்துவர் எடுப்பார். மருந்து வைத்து வெளுக்கச் செய்யும் பிளீச்சிங்கில் முதலில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆழமான கறைக்குக் காம்போசிட் என்ற பல் நிறப் பசைப் பூச்சு, அது காலப்போக்கில் நிறம் மாறும், மறுபடி செய்ய வேண்டிவரும். கேப் போடுவதென்றால் பல்லைச் சுற்றிச் செதுக்கியாக வேண்டும், செதுக்கியது திரும்ப வராது. பெண் பார்க்க வருகிறார்கள் என்ற அவசரத்தில் நேராகக் கேப்புக்குப் போகாதீர்கள். குறைவாகச் சேதம் செய்வதிலிருந்து தொடங்குங்கள். எதுவும் செய்யாமல் இருப்பதும் நல்ல முடிவுதான், வெட்கத்தால் எடுக்காத வரை.

எனக்கு அவசரமாகப் படுவது அக்கா மகள். அவளுடைய நிரந்தர முன்பல் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிறது. காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அளவு கூடும். ஒகேனக்கல் தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடித்து வையுங்கள். சோறும் பருப்பும் வெந்த நீரை உறிஞ்சுவதால் சமையலும் கணக்கில் வரும். குளிக்க, துணி துவைக்கப் போர் தண்ணி போதும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசி, போர் தண்ணியை நிரப்பி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, ஃப்ளூரைடு அளவு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். 1.5-க்கு மேல் இருந்தால் குழாய்த் தண்ணி வராத நாளுக்கு ஆர்.ஓ. நீர் வாங்கிவிடுங்கள். மண்சட்டி, கேண்டில் ஃபில்டர் இரண்டும் இதற்கு உதவாது.