முத்திரைத்தாள் காப்பாற்றுமா?

கேள்வி: அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். உசிலம்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறேன். அவசரத்துக்குப் பிரசவமும் பார்த்திருக்கிறேன். காப்பீடு கிடையாது. 'எது நடந்தாலும் செவிலியர் பொறுப்பல்ல' என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். கம்பெனியாகப் பதிவுசெய்தால் இன்னும் பாதுகாப்பா? வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். அந்த 20 ரூபாய்த் தாள் முறுக்கு மடிக்கத்தான் ஆகும். கவனக்குறைவுக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வாங்க முடியாது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று விளக்கிச் சம்மதம் பெற்றதற்கு வேண்டுமானால் கையெழுத்து அத்தாட்சியாகும்.

கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. தாம்பூலத் தட்டில் வைத்துத் தந்தாலும் அது கட்டணம்தான். குற்ற வழக்கு இன்னும் கடுமை. கவனக்குறைவால் உயிர் போனால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவுப்படி பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. மற்றவர்களுக்கு 5 ஆண்டு. செவிலியர் அந்த மற்றவர்களில் சேர்த்தி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

வாடகைப் பாக்கி, வண்டிக் கடன் போன்றவற்றுக்குக் கம்பெனி குறுக்கே நிற்கும். உங்கள் கை செய்த பிழைக்கு நிற்காது. வீடா? கடன்காரரை ஏய்க்க எழுதிய தானம் என்று தெரிந்தால் அதை ரத்துசெய்யச் சட்டத்தில் வழியிருக்கிறது. மருமகன் குணத்தையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவிலியருக்காக நுகர்வோர் மன்றத்தில் வாதாடினேன். அவரிடம் இருந்தது ஒரு 40 பக்கப் பள்ளி நோட்டு. நேரம், நாடி, ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் அரை மணிக்கு ஒரு வரியாகப் பச்சை மையில் இருந்தன. 2.10க்குப் பிறகு 4 மணிவரை ஒன்றுமில்லை. கரண்ட் போய்விட்டதாம்; மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாராம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தவர், கடைசிவரை எடுக்கவேயில்லை.

பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு கேளுங்கள். செவிலியர் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். வீட்டுப் பிரசவம் காப்பீட்டில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலி கண்டால் 108. அழைத்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள், மெழுகுவத்தி வெளிச்சத்திலானாலும்.