பெடல் செய்யும் கைக்கு வாசிக்க நேரமில்லை

வாசகர் கேள்வி:

கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். வயது 36. மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது தொழில். இருபது வயதிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன். நண்பர்களோடு ஓர் இன்னிசைக் குழுவில் கல்யாண விருந்துகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்துவந்தேன். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பொழுதுபோக்காக ஒரு ஃபஸ் பெடல் (கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் சிறு மின்னணுப் பெட்டி) செய்தேன். நன்றாக அமைந்துவிட்டது. அதன் பிறகு விட முடியவில்லை. இன்று முடித்தவை பதினான்கு. பாதியில் நிற்பவை ஏழெட்டு. மகள் தூங்கியதும் சாப்பாட்டு மேசையில் சால்டரிங் அயர்னைச் சூடேற்றினால் நள்ளிரவு தாண்டிவிடுகிறது. கிட்டாரைத் தொடுவது பெடல் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். சனிக்கிழமை ஒத்திகையிலும் பாதி நேரம் தரையில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகுகிறேன் என்று நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அண்மையில் மகளின் பிறந்தநாளன்று மனைவி ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னாள். சரணத்துக்கு முன்வரும் இடையிசையில் விரல் நின்றுவிட்டது. வெட்கமாகப் போய்விட்டது.

பெடல் செய்வதை நிறுத்திவிடவா? இதற்கு இத்தனை மணி, அதற்கு இத்தனை மணி என்று வாரத்தைப் பிரித்துக்கொள்ளவா? பட்டர்வொர்த்தில் தேவாலயக் குழுவில் வாசிக்கும் நண்பர் பணம் கொடுத்து ஒரு டிலே (எதிரொலி) பெடல் செய்து தரச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளத் தயக்கம். இன்னொன்றும் உண்டு: ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட என் ஃபஸ், வீட்டில் குளிர்சாதன அறையில் அருமையாக ஒலிக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் ஒத்திகை அறையில் தொண்டை அடைத்ததுபோல் ஆகிவிடுகிறது. பலமுறை பிரித்துப் பூட்டிவிட்டேன்.

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஃபஸ் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கும் வழி அங்கேதான் திறக்கிறது.

உங்கள் கைவேலையில் குறையில்லை. கோலாலம்பூர் வெயில்தான் காரணம். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில் எப்போதும் சிறிது மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் சர்க்யூட் அநேகமாக ஃபஸ் ஃபேஸ் பெடலைப் பின்பற்றியது. ஆர்பிட்டர் நிறுவனம் 1966இல் அதை வெளியிட்டது லண்டனில். அங்கே அறைச்சூடு 20 டிகிரியை ஒட்டி இருக்கும். உங்கள் குளிர்சாதன அறையும் இரவில் ஏறக்குறைய லண்டன்தான். சனிக்கிழமை பிற்பகல், மின்விசிறி மட்டும் சுழலும் மாடி அறையில் 32, 33 டிகிரி சாதாரணம். வீட்டில் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த மின்னழுத்தம் அங்கே இடம் மாறிவிடுகிறது, ஒலி அடைபடுகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற முனையில் இருக்கும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திருகி மதிப்பை மாற்றக்கூடிய சிறிய ரெசிஸ்டரான டிரிம்மர் ஒன்றைப் பொருத்துங்கள். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய், ஒத்திகை அறையில் பெடல் அந்த அறைச் சூட்டுக்கு வந்தபின், கலெக்டரில் சுமார் 4.5 வோல்ட் காட்டும்படி திருகி வையுங்கள். மேடைக்கு மேடை இந்த வேலை வேண்டாம் என்றால் அதே சர்க்யூட்டைப் பிசி108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரில் செய்யுங்கள். என்பிஎன் வகை என்பதால் மின்முனைகளையும், அதன் பெருக்கம் அதிகம் என்பதால் மதிப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கும். அது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒலி சற்றுக் கூர்மையாகும். ஆனால் வெயிலுக்குப் பயப்படாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் கோளாற்றை உங்கள் மேசை ஒருநாளும் காட்டியிருக்காது. எத்தனை முறை பிரித்தாலும், குளிர்ந்த அறையில் அது நன்றாகத்தான் ஒலித்திருக்கும். அந்த மாடி அறையில், மற்றவர்களோடு வாசித்தபோதுதான் தெரிந்தது.

இது ஜெர்மேனியம் ஃபஸ்ஸுக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்க வேண்டாம். 1969இல் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் கொண்டுவந்த பிக் மஃப் வகைப் பெடல் ஒன்றாவது உங்கள் பதினான்கில் நிச்சயம் இருக்கும். தனியாக வாசித்தால் வீடே அதிரும். அதன் டோன் பகுதி 1,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள நடு ஒலிகளைக் குடைந்து எடுத்துவிடுகிறது. கனமும் கூர்மையும் மிஞ்சுகின்றன. டிரம்மும் கீபோர்டும் பாஸும் சேர்ந்ததும் கனத்தை அவை எடுத்துக்கொள்கின்றன, கூர்மையைச் சிம்பல் எடுத்துக்கொள்கிறது, கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் ஐபனெஸ் பெயரில் வந்த டியூப் ஸ்க்ரீமர் நேர்மாறு. 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல் ஒல்லியாக இருக்கும். குழுவுக்குள் போனால் பாடகரின் குரலுக்குப் பக்கத்தில் தெளிவாக நிற்கும். ஒத்திகையில் நீங்கள் தரையில் உட்கார்ந்து குமிழ் திருகுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் தனிமையில் பழகிய காது, குழுவுக்குள் வந்ததும் ஏமாறுகிறது. பெடலில் தவறு இருப்பதாக எண்ணி இன்னொரு பெடல் செய்யக் கிளம்புகிறீர்கள்.

நீங்கள் மேசையில் கிட்டாரை எடுத்து ஓர் ஈ கார்டை (சுரக்கூட்டு) ஓங்கித் தட்டி, தெரிந்த ஒரு துண்டை வாசித்து, மறுபடி கீழே வைத்துவிடுகிறீர்கள் அல்லவா? சமைக்கிறவர் உப்புப் பார்க்கிற வேலை அது. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, வாசித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று இத்தனை காலம் இருந்துவிட்டீர்கள்.

நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். செய்கிறவர் வாசிக்கிறவரைவிட ஒரு படி கீழே என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தைக் கொண்டாடும் எவரும் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர்க் கைவினைஞர் பர்லாந்தை மறக்கக் கூடாது. அந்த நாதத்தில் அவர் காதும் இருக்கிறது. உங்கள் துறையிலேயே ரோஜர் மேயர் இருக்கிறார். பிரிட்டிஷ் கடற்படை ஆய்வுப் பணியில் இருந்தவர். 1967இல் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு ஆக்டேவியா பெடலைச் செய்து கொடுத்தவர். இவர்கள் எல்லோரும் ஒருவரின் வாசிப்பைப் பக்கத்திலிருந்து கேட்டு, அதற்காகச் செய்தவர்கள். தானே செய்து தானே வாசித்தவர் வேண்டுமென்றால் குவீன் குழுவின் பிரையன் மே. 1963இல் தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரத்தையெல்லாம் பயன்படுத்தி ஒரு கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். முடிக்க இரண்டு ஆண்டுபோல் ஆயிற்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேடையில் அதையேதான் வாசித்துவருகிறார். உங்கள் பதினான்கில் அப்படி எதையாவது ஓராண்டு தொடர்ந்து வாசித்திருக்கிறீர்களா?

மணிக்கணக்குப் பிரிப்பது நடக்காது. பெடல் வேலைக்கு இழுக்கும் சக்தி அதிகம். சத்தம் வராத ஒரு சர்க்யூட்டை அப்படியே விட்டுவிட்டுப் படுக்க யாருக்கு மனம் வரும்? எந்த இணைப்பில் சிக்னல் நிற்கிறது என்று தேடித் தேடி மணி ஒன்றாகிவிடும். பாதி பழகிய இடையிசைக்கு அந்த இழுப்பு இல்லை. மேலும், பெடல் முடிந்தால் விளக்கு எரிகிறது, பெட்டி கையில் கனக்கிறது. ஒரு மணி நேரம் சாதகம் செய்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதையும் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: இன்று நீங்கள் பெடல் வேலையில் கெட்டிக்காரர், கிட்டாரில் தடுமாறுகிறவர். மனிதனுக்குக் கெட்டிக்காரனாக இருக்கும் இடத்தில்தான் உட்காரப் பிடிக்கும். தடுமாறும் இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கத் தடுமாற்றம் வளர்ந்துகொண்டேதான் போகும்.

அதனால் எது முதலில் என்பதை மட்டும் மாற்றுங்கள். அயர்ன் சூடாவதற்கு முன் கிட்டார். பெட்டிக்குள் இருக்கும் கிட்டாரை வெளியே எடுத்துக் கூடத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அயர்னையும் கம்பிகளையும் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். எதை எடுப்பது எளிதோ அதைத்தான் களைத்த கை எடுக்கும். ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், பெடல் வேண்டாம், மகள் விழித்திருக்கும்போதே சோபாவில் உட்கார்ந்து கால் மணி நேரம் போதும். விரல் நின்றுபோன அந்த இடையிசையையே எடுங்கள். கைப்பேசியில் பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நான்கு தாளச் சுற்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் வாசிப்பதைவிட, அன்றாடம் கால் மணி நேரத்தில் விரல் சீக்கிரம் திரும்பிவரும். நுனித் தோலும் சில வாரங்களில் கெட்டிப்படும். பத்து ஆண்டுக்கு மேல் மேடையில் பழகிய விரல்; எங்கேயும் போய்விடவில்லை.

சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பயன்படுத்துவது ஈயம் கலந்த சால்டர் கம்பியாக இருந்தால், சின்னப் பிள்ளை சாப்பிடும் மேசையில் அந்த வேலை கூடவே கூடாது. புகையில் பெரும்பகுதி, கம்பியில் இருக்கும் ஃபிளக்ஸ் என்ற பிசினின் புகை. அதற்குச் சன்னலைத் திறந்து ஒரு சிறிய விசிறி வைக்கலாம். ஈயம் வாய்க்குப் போவது கையில் ஒட்டிய துகளால்தான். வேறொரு பலகையை ஒதுக்குங்கள், முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். நேரப் பங்கீடு பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதை இன்றே செய்யுங்கள்.

ஒத்திகைக்கு மூன்று பெடலுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். எண்பதுகளின் இளையராஜா பாடல்களை வாசிக்கும் குழுவுக்கு ஒரு கோரஸ் (ஒரு கிட்டாரைப் பலவாகக் கேட்கச் செய்வது), மிதமான ஓவர்டிரைவ் (லேசான கரகரப்பு), ஒரு டிலே இருந்தால் பெரும்பாலான பாடல்களுக்குப் போதும். முதல் பாட்டில் குமிழ்களைச் சரிசெய்து, நிலையைப் பேனாவால் குறித்துவிட்டு எழுந்து நில்லுங்கள். பிறகு குனியக் கூடாது. பிடிக்காதது எதுவானாலும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 'இரண்டாம் பாட்டில் சத்தம் குறைகிறது', 'கோரஸைப் போட்டால் டப்பென்று ஒலிக்கிறது' என்று. அந்தத் தாள்தான் வீட்டு மேசையின் வேலைப் பட்டியல். டப்பென்ற சத்தத்துக்கு உள்வாயிலுக்கும் சர்க்யூட்டின் கிரவுண்டுக்கும் இடையே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பத்து நிமிட வேலை. புடுவில் ஜாலான் பசார் மின்னணு உதிரிப்பாகக் கடைகளுக்குப் போவதும் அந்தத் தாளோடுதான். அங்கே வெறுங்கையோடு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் நிற்பவற்றில், அந்தத் தாள் கேட்டால் ஒன்றை முடியுங்கள். கேட்காதவை காத்திருக்கட்டும்.

மீதிப் பதினொன்றை அலமாரியில் அடைத்து வைக்காதீர்கள். செந்தூலிலும் பத்துமலைப் பக்கமும் கிட்டார் பழகும் இளைஞர்கள் எத்தனை பேர், கடைப் பெடலின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவர்களிடம் கொடுங்கள். சும்மா கொடுக்க மனமில்லையென்றால் பொருள் விலைக்குக் கொடுங்கள். ஒரே நிபந்தனை: சில நிகழ்ச்சிகளில் வாசித்துவிட்டு வந்து, எது பிடித்தது, எது தொல்லை கொடுத்தது என்று அவர்கள் உங்களிடம் சொல்ல வேண்டும். வேறொருவர் கையில் உங்கள் பெடல் என்ன செய்கிறது என்று கேட்டால், அடுத்ததைச் செய்யும் முறையே மாறிவிடும்.

பட்டர்வொர்த் நண்பருக்குச் செய்து கொடுப்பது நல்ல காரியம். ஆனால் முன்பணம் வாங்குவதற்கு முன், அவர் எந்தப் பாட்டுக்கு டிலே கேட்கிறார் என்று விசாரியுங்கள். நீங்கள் பிடி2399 சில்லை மனத்தில் வைத்திருப்பீர்கள். கரோக்கே எதிரொலிக்கு ஏற்ற சில்லு அது; 5 வோல்ட்டில் இயங்குகிறது, விலை குறைவு, ஒலி இதமாக இருக்கும். ஆனால் சுமார் 340 மில்லிசெகண்டுக்கு மேல் இழுத்தால் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். தேவாலயக் குழுக்கள் மெதுவான பாடல்களில் முக்கால் தட்டு இடைவெளியில் எதிரொலி விடுவதை மிகவும் விரும்புகின்றன. நிமிடத்துக்கு 75 தட்டு என்று வைத்தால் அந்த இடைவெளி 600 மில்லிசெகண்ட். அமைதியான வழிபாட்டுக்கு நடுவே அந்த இரைச்சல் நன்றாகவே கேட்கும். அவருக்கு வேண்டியது அதுதான் என்றால், கடையில் ஒரு டிஜிட்டல் டிலே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். குரலுக்குப் பின்னால் லேசாக ஒட்டிவரும் குறுகிய எதிரொலிதான் என்றால் தயங்காமல் செய்து கொடுங்கள், கூலியோடு சேர்த்துப் பணமும் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் இதையெல்லாம் முடிவு செய்ய முடியாது. கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரம்போல் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவர் வாசிப்பதைக் கேளுங்கள். கிட்டாரையும் எடுத்துச் செல்லுங்கள். வழிபாடு முடிந்தபின் அவரோடு உட்கார்ந்து இரண்டு பாட்டு வாசித்துவிட்டு விலை பேசுங்கள்.