அட்டைக்குப் பின்னால் இருக்கும் பெயர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல ஆண்டுகளாக அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைக் கேட்டு வருகிறேன். ராபர்ட் ஜான்சன், மடி வாட்டர்ஸ், ஹௌலின் உல்ஃப், ஜான் லீ ஹூக்கர் என்று பத்துப் பதினைந்து பேரையே திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று. ப்ளூஸ், ஃபோக் (நாட்டார் இசை), ரூட்ஸ் (வேரிசை) என்ற பெயர்களில் இன்றும் நிறைய ஆல்பங்கள் வருவதாக அறிகிறேன். ஸ்ட்ரீமிங் செயலியில் தேடினால் அதே பழைய பாடல்கள் வருகின்றன, இல்லையென்றால் ப்ளூஸ் என்ற பெயரில் ராக் கிதார். புதிய ஆல்பங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? எது கேட்கத் தகுந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இதைக் கேட்டவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்பதை வைத்துத்தான் செயலி பெரும்பாலும் உங்களுக்குப் பரிந்துரைக்கிறது. மடி வாட்டர்ஸ் கேட்கும் பலர் அடுத்து ராக் பக்கம் போகிறவர்கள், ஆகவே உங்களையும் அங்கே அனுப்புகிறது. சில நூறு பேர் மட்டும் கேட்ட ஒரு மிஸிஸிப்பி ஆல்பம் அந்தக் கணக்கில் எளிதில் மேலே வருவதில்லை. போதாக்குறைக்கு ‘ஃபோக்’ என்ற சொல்லின் கீழ் கிதாரோடு மெல்லப் பாடும் எவரையும் சேர்த்துவிடுகிறார்கள்.

வகைப் பெயரைக் கொண்டு தேடுவதை விடுங்கள், ஆட்பெயரைக் கொண்டு தேடுங்கள். பாடியவர் பெயர் மட்டும் போதாது. கூட வாசித்தவர் யார், தயாரித்தவர் யார், எந்த லேபிள் (இசைப்பதிவு நிறுவனம்) வெளியிட்டது, எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பதைப் பாருங்கள். இந்த இசை ஆளிடமிருந்து ஆளுக்குக் கைமாறி வந்தது. புதிய ஆல்பத்துக்கான வழியும் அந்த ஆட்கள் வழியாகவே போகிறது.

வடக்கு மிஸிஸிப்பியின் மலைப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கோமோ என்ற ஊரில் விவசாயம் செய்துகொண்டிருந்த ஃப்ரெட் மெக்டவலை 1959இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் முதன்முதலாகப் பதிவு செய்தார். மெக்டவலிடம் கற்றவர் ஆர். எல். பர்ன்சைடு. இவரை 1967இல் ஜார்ஜ் மிட்செல் பதிவு செய்தார், 1990களில் ஃபேட் பாஸம் லேபிள் உலகுக்குக் கொண்டுசென்றது. பர்ன்சைடின் குழுவில் சிறுவயதிலேயே டிரம் வாசிக்கத் தொடங்கிய பேரன் செட்ரிக் பர்ன்சைடு இன்று கிதாரோடு பாடுகிறார். அவருடைய 2021 ஆல்பமான ‘ஐ பி ட்ரையிங்’ மரபு ப்ளூஸுக்கான கிராமி விருது பெற்றது. அதை வெளியிட்டது சிங்கிள் லாக் லேபிள், பதிவானது மெம்ஃபிஸின் ராயல் ஸ்டூடியோவில். மூன்று தலைமுறை ஒரே கோட்டில் நிற்கிறது. மூவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது மரபு, எது செட்ரிக் சேர்த்தது என்று காதே பிரித்துச் சொல்லிவிடும்.

இன்னொரு கோடு மிஸிஸிப்பியின் பென்டோனியாவிலிருந்து வருகிறது. அந்தச் சிற்றூரின் பாணியில் கிதாரின் ஆறு தந்திகளையும் மைனர் சுருதியில் கூட்டுவார்கள். கனத்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப், ஏ, டி என்று வைத்தால், விரல் அழுத்தாமல் மீட்டினாலே மைனர் கார்டு (சோகச் சாயலுள்ள சுரக்கூட்டு) வரும். 1931இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு ஸ்கிப் ஜேம்ஸ் பதிவு செய்த பாடல்களின் அமானுஷ்யமான தொனிக்கு இதுவும் ஒரு காரணம். ஜேம்ஸுக்குக் கற்பித்தவர்களில் ஒருவரான ஹென்றி ஸ்டக்கியின் இசைத்தட்டு ஒன்றுகூட வெளிவரவில்லை. அதே ஸ்டக்கியிடம் கற்ற ஜிம்மி ‘டக்’ ஹோம்ஸ் 2019இல் ‘சைப்ரஸ் க்ரோவ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். ‘பென்டோனியா’ என்ற ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்து தேடியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். ‘ப்ளூஸ்’ என்று தேடினால் எத்தனை நாளானாலும் கிடைக்காமல் போகலாம்.

இதை, ஆல்பங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் செய்வது எளிது. பிடித்த ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்து கீழே இருக்கும் பங்களிப்பாளர் பட்டியலுக்குப் போங்கள். பாடகரை விட்டுவிட்டு இரண்டாம் கிதார், பாஸ், தயாரிப்பு ஆகிய பெயர்களைச் சொடுக்குங்கள். அவர்களின் ஆல்பங்களை ஆண்டு வாரியாக, புதியது மேலே வரும்படி அடுக்குங்கள். பிறகு லேபிளின் பெயரைச் சொடுக்கி அதையே செய்யுங்கள். ஓர் ஆல்பத்துக்கு மூன்று பெயர் போதும். அதற்கு மேல் போனால் பட்டியல் நீளும், கேட்பது நின்றுவிடும்.

சில ஆல்பங்கள் ஒரே நேரத்தில் பல கதவுகளைத் திறக்கும். 2019இல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்’ அப்படிப்பட்டது. ரியானன் கிடென்ஸ், அமிதிஸ்ட் கையா, லெய்லா மெக்கல்லா, அலிசன் ரஸ்ஸல் என்று பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் நான்கு கறுப்பினப் பெண்கள் சேர்ந்து செய்தது. நால்வருக்கும் தனி ஆல்பங்கள் உண்டு, நான்கும் நான்கு திசை.

லேபிள்களில் முதலில் பிடிக்க வேண்டியது ஃபோக்வேஸ். மோசஸ் ஆஷ் 1948இல் நியூயார்க்கில் தொடங்கியது. அவர் மறைவுக்குப் பின் 1987இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதை ஏற்றபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளில் ஒன்றையும் விற்பனையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதன் பழைய ஆல்பங்களின் உறைக் குறிப்புகள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாட்டு எங்கே, யாரிடமிருந்து சேகரிக்கப்பட்டது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். தேடுபவருக்கு இதைவிடப் பெரிய புதையல் எனக்குத் தெரிந்து இல்லை. கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் 1960இல் தொடங்கிய ஆர்ஹூலியும் 2016இல் இங்கேயே வந்து சேர்ந்தது. சிகாகோ ப்ளூஸுக்கு டெல்மார்க்கும், 1971இல் தொடங்கிய அலிகேட்டரும். கிங்ஃபிஷ் இங்ரம் என்ற இளைஞரின் தொடக்க ஆல்பங்களை வெளியிட்டது அலிகேட்டர்தான். இங்கிலாந்தின் நாட்டார் பாடலுக்கு 1939 முதல் இயங்கும் டாப்பிக்.

இந்தக் கோடுகள் கடலையும் தாண்டும். டப்ளின் குழுவான லங்கம் 2023இல் வெளியிட்ட ‘ஃபால்ஸ் லங்கம்’ ஆல்பத்தின் முதல் பாடல், அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த ஜீன் ரிச்சி பாடியதிலிருந்து வந்தது. அவரும் டாக் வாட்சனும் சேர்ந்து பாடிய 1963 ஃபோக்வேஸ் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு லங்கமுக்குத் திரும்புங்கள். அந்தப் பாட்டின் மெதுவான, அச்சமூட்டும் நடை எவ்வளவு துணிவான முடிவு என்று அப்போது புரியும்.

புதிய வெளியீடுகளுக்கு, மாதம் ஒருமுறை உட்கார்ந்தால் போதும். மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ‘லிவிங் ப்ளூஸ்’ இதழ் கறுப்பின ப்ளூஸ் மரபை மட்டுமே எழுதுவது. உங்கள் ராக் கிதார் தொல்லைக்கு அதுவே நல்ல வடிகட்டி. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வேரிசைக்கு, ஐரோப்பிய வானொலித் தொகுப்பாளர்கள் வாக்களிக்கும் ‘வேர்ல்டு மியூசிக் சார்ட்ஸ் யூரோப்’, 2015இல் தொடங்கிய ‘டிரான்ஸ்குளோபல்’ ஆகிய மாதப் பட்டியல்களைப் பாருங்கள். கிராமியைப் பொறுத்தவரை வென்றவரை விட்டுவிட்டுப் பரிந்துரைப் பட்டியலைப் படியுங்கள். மரபு ப்ளூஸ், ஃபோக், வட்டார வேரிசை ஆகிய மூன்று பிரிவுகள் போதும். வட்டார வேரிசைப் பிரிவில்தான் லூசியானாவின் கேஜன், ஸைடிகோ ஆல்பங்கள் தென்படும்.

கலைஞர்களும் லேபிள்களும் ஆல்பங்களை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் தேடும்போது குறிச்சொல் முக்கியம். ‘ஃபோக்’ வேண்டாம். ‘ஓல்ட்-டைம்’, ‘ஸ்ட்ரிங் பேண்ட்’, ‘ஹில் கன்ட்ரி ப்ளூஸ்’, ‘பீட்மான்ட் ப்ளூஸ்’ என்று குறுக்குங்கள். பிடித்த ஆல்பத்தை வாங்கியவர்களின் படங்கள் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஒருவரைச் சொடுக்கினால் அவர் வாங்கியவை எல்லாம் தெரியும். காசு கொடுத்து வாங்கியவரின் அலமாரி அது, பரிந்துரை இயந்திரத்தைவிட நம்பலாம். பிடித்த லேபிளைப் பின்தொடர்ந்தால் புதிய வெளியீடு மின்னஞ்சலில் வந்துவிடும். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம் வரை, மீதி கட்டணச் செலவு போகக் கலைஞருக்கும் லேபிளுக்கும். ஆகவே பிடித்ததை அங்கே வாங்குங்கள், ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

இனி, ஏமாறும் இடங்கள். செயலியில் ‘2022’ என்று போட்டிருப்பது பல சமயம் மறுவெளியீட்டின் ஆண்டு. 1930இல் பதிவானதைப் புதிய அட்டையோடு யாரோ ஏற்றியிருப்பார்கள். பெயர்க் குழப்பம் இன்னொன்று. சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் ஹார்மோனிகாக் கலைஞர்கள் இருவர் உண்டு. புளூபேர்டு லேபிளில் பதிவு செய்து 1948இல் சிகாகோவில் கொல்லப்பட்ட ஜான் லீ வில்லியம்சன் ஒருவர். 1951 முதல் ட்ரம்பெட், பிறகு செக்கர் லேபிள்களில் பதிவு செய்து 1965இல் மறைந்த ரைஸ் மில்லர் மற்றவர். மலிவுத் தொகுப்புகள் இருவரையும் ஒரே அட்டையில் போட்டுவிடும். பதிவான தேதியையும் லேபிளையும் பார்த்தால் குழப்பம் தீரும். பழைய 78 சுற்றுத் தட்டுகளுக்கு சான்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இணையப் பட்டியலில் தேதி, வாத்தியம், பதிவு எண் எல்லாம் கிடைக்கும்.

அதே பழைய தட்டுகளில் ஒலித்தரம் இன்னொரு சிக்கல். இரைச்சலை அளவுக்கு மீறி வழித்தெடுத்தால் உச்ச ஒலிகளும் சேர்ந்து போய்விடும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும், விரல் தந்தியைத் தொடும் ஓசை காணாமல் போகும். இரைச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கும் பிரதியையே தேர்ந்தெடுங்கள். யாஸூ, டஸ்ட்-டு-டிஜிட்டல் போன்ற லேபிள்கள் இதில் கவனமாக இருப்பவை.

கேட்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நல்ல ஆல்பங்கள் பல தவறான கேட்பால் ஒதுக்கப்படுகின்றன. மலைப்பகுதி ப்ளூஸில் கார்டு அதிகம் மாறாது, கட்டைவிரல் கனத்த தந்திகளில் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்புதான் பாட்டு. கிதாரின் ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ், டி-க்கு இறக்கினால் 73. கைபேசியின் சிறு ஒலிபெருக்கி அந்த ஆழத்துக்கு இறங்காது. துடிப்பு போய்விட்டால் மிஞ்சுவது சலிப்பு மட்டுமே. காதை மூடும் ஹெட்ஃபோன் போடுங்கள், முதல் பாட்டின் ஒரு நிமிடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் முறை முழுக்கக் கேளுங்கள், இரண்டாம் முறை உறைக் குறிப்போடு, மூன்றாம் முறை மூலப் பதிவுக்கு அடுத்து. மூன்றுக்குப் பிறகும் ஒன்றும் எஞ்சவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

உடனே தொடங்க ஒன்று வேண்டுமென்றால் ஜேக் ப்ளவுன்ட் 2020இல் வெளியிட்ட ‘ஸ்பைடர் டேல்ஸ்’. ஃபிடிலும் பாஞ்சோவும். கறுப்பின, பூர்வகுடிக் கலைஞர்களிடமிருந்து வந்த பாடல்கள், எது யாரிடமிருந்து வந்தது என்ற விவரத்தோடு. அந்த மூலக் கலைஞர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த சில மாதங்களுக்கு அது போதும். முடிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்